வியாழக்கிழமை விமானம்

எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் பாறசாலையில் பொதுக்கூட்டம் போட்டால், மேடை ஏறுகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் தூரத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கமாட்டார். ஒரு தரப்பார் திருவனந்தபுரம் இருபது மைல்தான் என்பார்கள். காலையில் பஸ் ஏறினால் சர்க்கார் கச்சேரியில் வேலையை முடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். மெட்ராஸில் ஒரு மனு கொடுக்கப் போகிறவன் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அல்லவா போக வேண்டும் என்று கேட்பார்கள். திருவனந்தபுரம் ஆட்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்ற மறு தரப்பார் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மெட்ராஸுக்கு விமானம் போகிறது, காலையில் இங்கே காப்பி குடித்தவன் சாயங்காலக் காப்பியை அங்கே குடிக்கலாம் என்பார்கள். கூட்டத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. ஏறப்போவதும் இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் கைதட்டல் விழும். நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கைதட்டல் விழுந்த இடங்களைக் குறித்துக்கொள்வதும் என் வேலைதான்.

கைதட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேடையில் சொல்லப்பட்ட விமானத்தை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்தில் படித்த அட்லஸைப் பரணிலிருந்து இறக்கி, நூல் வைத்து அளந்தார். இரண்டு ஊருக்கும் நேராக நூல் பிடித்தால் நானூறு மைலுக்கும் குறைவு. ஆனால் விமானம் நேராகப் போவதில்லை, பெங்களூர், கோயம்புத்தூர், கொச்சி என்று இறங்கி ஏறித்தான் வருகிறது என்று தெரிந்ததும் நூலை வளைத்து மறுபடி அளந்தார். அப்படிப் பார்த்தாலும் அரை நாளில் முடிகிற காரியம். செங்கோட்டை வழியாக ரயிலில் வந்தால் ஒரு ராத்திரியும் மறுநாள் பகல் முழுவதும் ஆகும்.

அக்காளை மெட்ராஸில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்து அவள் உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதத்தில் கூட்டிவர வேண்டும். இதில் பேசித் தீர்மானிக்க எதுவும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இது வழக்கம் என்பதற்கு மேலான காரியமாக இருந்தது. அவளுக்கு அக்காள் ஒரே மகள். தெற்கு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். லேகியத்துக்கு வேண்டிய மருந்துச் சாமான்களை இரண்டு மாதம் முன்பே வாங்கி வெயிலில் காயவைத்தாள். மகள் தன் வீட்டில், தன் கண் முன்னால் பெற்றெழ வேண்டும் என்பதைத் தவிர வேறு பேச்சு அவளிடம் இல்லை. அக்காளும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் கூட்டி வரலாம் என்று அப்பா சொன்ன அன்று வீட்டில் நடந்த வாக்குவாதம் எனக்கு ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது.

"வயித்துப் பிள்ளைக்காரி ஆறு தாண்டப்பிடாது. கேட்டேளா?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தானே செல்லுதேன். ரயில்ல வந்தா கொள்ளிடம், காவேரி, வைகை எல்லாம் தாண்டணும். மலையைக் கொடைஞ்ச பொந்து வழி வேற வரணும். பிளேன்ல ஆறே கெடையாது."

"ஆத்துக்கு மேல பறந்தா தாண்டினதாவாதா?"

"கொக்கு பறக்குது. அது ஆறு தாண்டுதுன்னு யாராவது செல்லுவாளா?"

"எனக்க மவ கொக்கா?"

அப்பா கொஞ்சம் நிதானித்து, தண்ணீர் காலில் பட்டால்தான் தாண்டினதாகக் கணக்கு என்றார். அப்படியானால் பாலத்தில் ரயில் போகும்போதும் காலில் படாதே, பிறகு ரயிலுக்கு என்ன குறை என்று அம்மா கேட்டாள். கோர்ட்டில் முப்பது வருஷம் வக்கீல்களின் வாதம் கேட்டவர் அட்லஸை மூடிவைத்தார். கடைசியில், விமானத்தில் வருவதால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மெட்ராஸில் டாக்டர் சொன்னதாக அத்தான் எழுதியதால்தான் அம்மா இறங்கிவந்தாள். இடமும் அத்தானே தன் ஆபீஸ் மூலம் ஏற்பாடு செய்துவிட்டார். வியாழக்கிழமை விமானம்.

அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வியாழக்கிழமை தெற்கே சூலம்."

கிழமைக்கு ஒரு திசை ஆகாது என்பது பஞ்சாங்கம் பார்க்கிற வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை தெற்கு நோக்கிப் புறப்படக்கூடாது. அப்பா அட்லஸை விரித்தார். விமானம் மெட்ராஸிலிருந்து முதலில் மேற்கே பெங்களூருக்குத்தான் போகிறது; புறப்படுகிற திசைதான் கணக்கு; ஆகையால் சூலம் இல்லை என்று விரல் வைத்துக் காட்டினார்.

"ஆகாசத்தில எங்ஙன வேணும்னாலும் சுத்தட்டு," என்றாள் அம்மா. "திருவந்தரத்தில எறங்கி கார்ல ஏறுவாளே, பாறசாலை அங்கேருந்து தெற்கா, வடக்கா? நாள் தவறின பாதையில அவ எனக்க வீட்டுப் படி ஏறவேண்டாம்."

ஒப்பந்தம் இப்படி ஆயிற்று. அக்காள் வியாழக்கிழமை விமானத்தில் வருவாள். அன்றிரவு திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த பெரியம்மா வீட்டில் தங்குவாள். பெரியம்மா என்றால் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காள். வெள்ளிக்கிழமை காலையில் கார் போய் அழைத்துவரும். வெள்ளிக்கிழமை சூலம் மேற்கே. நமக்கு இடைஞ்சல் இல்லை.

கூட்டிவர என்னை அனுப்பினார்கள். ரயிலில் போனேன். எழும்பூரில் இறங்கியபோது சட்டையெல்லாம் கரித்தூள். இரண்டு நாள் கழித்து, அக்காளும் நானும் மீனம்பாக்கத்தில் அந்த இரட்டை எஞ்சின் விமானத்தில் ஏறினோம். ஒரு பெண் தட்டில் பஞ்சும் மிட்டாயும் கொண்டுவந்தாள். பஞ்சு காதுக்கு, மிட்டாய் வாய்க்கு. அக்காள் இரண்டையும் வாங்கி, மிட்டாயை மட்டும் இன்னும் இரண்டு கேட்டாள். விமானம் ஓடுபாதையில் ஓடும்போது தகரக்கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். மேலே போனதும் சத்தம் ஒரே சீராகிவிட்டது.

பெங்களூர் தாண்டியதும் அவள் என் கையைத் தட்டினாள்.

"எலே, காவேரி வந்தா செல்லு. நான் கண்ண மூடிக்கிடுதேன்."

"மேல பறந்தா தாண்டினதாவாதுன்னு அப்பா தீர்ப்புச் செல்லியாச்சு."

"அப்பா தீர்ப்பு கோர்ட்டில. நம்ம வீட்டில அப்பீல் கோர்ட்டு அம்மையாக்கும்."

காவேரி வந்ததா, வந்தது காவேரிதானா என்று எனக்குத் தெரியாது. பழுப்பு வயல்களுக்கு நடுவே வளைந்து கிடந்த ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். அவள் கண்ணை மூடவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்து, அது பின்னால் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புகுந்த வீட்டைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள், எதுவும் வேலை சொல்வதில்லை என்றாள். பிறகு, "உக்காந்தா எந்திரிக்கணும், எந்திரிச்சா உக்காரணும், அம்புடுதான்" என்றாள். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் பக்கத்தில் இரண்டு நாள் யாரும் எழுப்பாமல் உறங்க வேண்டும் என்று சொன்னாள். பெரியம்மா வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் நான் அவளிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"திருவந்தரம் வரை வந்திட்டு வீட்டுக்குப் போவாண்டாமா?"

"தெற்கே சூலம்."

"இந்த அம்மை…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் சிரித்தாள்.

கொச்சி தாண்டியதும் கடற்கரையை ஒட்டியே விமானம் வந்தது. காயல்களும் தென்னையும் கடைசிவரை மாறவே இல்லை. திருவனந்தபுரத்தில் கடலை ஒட்டிய மைதானத்தில் இறங்கியபோது வெயில் உச்சியிலிருந்து சாய்ந்திருந்தது. அப்பா வாசலில் நின்றார். பக்கத்தில் உதியன்குளங்கரைக்காரரான டிரைவர், வாடகைக் காரின் மேல் சாய்ந்துகொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். அக்காளைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"ஸாறே, ஒரு மணிக்கூறுதான்," என்றார் அப்பாவிடம், மலையாளம் கலந்த தமிழில். "வீட்டில அடுப்பில சாயா வெச்சா, கொதிக்கும் முன்ன கொண்டு விடுவேன். ரோடு இண்ணு திறந்நு கெடக்கு. நாளத்த காரியம் ஆரு கண்டு?"

அதில் மிகை இல்லை. அந்த வாரம் முழுவதும் தெற்கே விளவங்கோட்டுப் பக்கம் ஊர்வலங்களும் மறியலும் நடந்துகொண்டிருந்தன. எந்த நேரத்திலும் வண்டி நிற்கலாம் என்று பஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

"அப்பா, நம்ம போயிருவோம்," என்றாள் அக்காள். "அம்மைட்ட நான் செல்லிக்கிடுதேன். என்ன ஏசினா ஏசட்டு."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். "வாக்குக் குடுத்திருக்கேன் மக்களே. ஒரு ராத்திரிதானே," என்றார்.

பெரியம்மா வீட்டு வாசலில் இறங்கினோம். அக்காளின் பெரிய பெட்டியைக் காரிலேயே விட்டுவிடலாம், நாளைக்குச் சுமை குறையும் என்று அப்பா சொன்னார். அவரும் பெட்டியும் மட்டும் ஊருக்குப் புறப்பட்டார்கள். டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டே கேட்டார்:

"பெட்டிக்குச் சூலம் இல்லியா ஸாறே?"

அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். கார் கோட்டை வாசலைத் தாண்டி, தெற்கே திரும்பிப் போனது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே பாறசாலையில் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. வழியில் ஒரு தடையும் இல்லை. அம்மா பெட்டியைத் துடைத்து, சுண்ணாம்பு அடித்த அறையில் கொண்டுபோய் வைத்தாளாம்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்காள் குளித்துப் புறப்பட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கார் வரவில்லை. பத்து மணிக்கு நான் பஸ் நிற்குமிடத்துக்குப் போனேன். தெற்கே போகிற பஸ்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். இரவோடிரவாக நெய்யாற்றின்கரைக்கு அப்பால் மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள், நெய்யாற்றின் மேல் இருக்கிற அமரவிளைப் பாலத்தில் போலீஸ் எவரையும் விடுவதில்லை, தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்திருக்கிறது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாலைக்குள் தடையுத்தரவும் வந்துவிட்டது.

நான் என் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய செய்தி அதுதான். ஆனால் அது நடந்த ஊர்களுக்கு நான் போக முடியாது. பஸ்காரர்களும் செக்ரட்டேரியட் வராந்தாவில் நின்றவர்களும் சொன்னதை வைத்து எழுதினேன். மூன்றாவது பத்தியில் "போக்குவரத்து பாதிக்கப்பட்டது" என்று இருக்கும். அந்தச் செய்தியில் என் அக்காளைப் பற்றி இருந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான்.

ஒரு ராத்திரிக்கு என்று வந்தவள் பெரியம்மா வீட்டில் தொடர்ந்து இருக்கும்படி ஆயிற்று. பெட்டி ஊரில், ஆள் இங்கே. பெரியம்மாவின் புடவைகளைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா பாசமாகத்தான் இருந்தாள். ஆனால் பெரியப்பா செக்ரட்டேரியட்டில் சூப்பரிண்டெண்ட். தெற்கேயிருந்து வந்த தமிழ்ச் சொந்தக்காரர்கள் வீட்டில் இருப்பதை ஆபீஸில் யாராவது கவனிப்பார்களோ என்று அவருக்குப் பயம். நான் பேசும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார். "பைய பேசு மக்கா. பக்கத்து வீட்டில ஆள் உண்டு," என்பார். அக்காள் அதைக் கேட்டுத் தானும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். கொஞ்ச நாளில் அவள் யாரோடும் அதிகம் பேசாதவள் ஆகிவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் உட்கார்ந்தாள்.

ரோடு ஓரளவு திறந்து, போலீஸ் வேன் முன்னால் போகப் பஸ்கள் ஓடத் தொடங்கியபோது எட்டாம் மாதம் பிறந்துவிட்டது. அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்தாள். வந்தவள் மகளின் முகத்தைக் கைகளால் தடவிப் பார்த்தாள். மெலிந்திருக்கிறாள் என்று பெரியம்மா முன்னால் சொல்ல முடியாது. "நெறம் கொறஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

"உங்கூட வந்திருதேன் அம்மா. பஸ்ஸு ஓடுதுல்லா," என்றாள் அக்காள்.

பெரியம்மாதான் முதலில் பேசினாள்: "எட்டாம் மாசத்தில யாராவது யாத்திரை வெப்பாளா பிள்ள? அதும் போலீஸ் வண்டிக்குப் பொறத்தால."

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாழ்க்கையில் வழக்கத்துக்கு எதிராக அவள் யோசித்த ஒரே நேரம் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. யோசித்தாள். பிறகு, "ஒம்பது பொறக்கட்டு. கார் கொண்டு வாறேன்," என்றாள். ஒரு ராத்திரி மகளின் பக்கத்தில் படுத்திருந்துவிட்டு மறுநாள் போனாள்.

ஒன்பது பிறக்கவில்லை. எட்டாம் மாதம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது அக்காளுக்கு வலி கண்டது. பெரியப்பா ஜன்னல் சாத்துவதை மறந்து தெருவில் இறங்கி ஓடி டாக்ஸி பிடித்து வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் பாறசாலைக்குத் தந்தி அடித்தேன். அன்று பார்த்து மறுபடியும் கலகம், மறுபடியும் பாலத்தில் தடை.

அப்பாவும் அம்மாவும் மாட்டு வண்டியில் மேற்கே போய், அக்கரை கொண்டுவிடுகிற கடத்துத் தோணியில் நெய்யாற்றைத் தாண்டி, காஞ்சிரங்குளம் வந்து, அங்கே ஒரு மீன் லாரிக்காரரிடம் கெஞ்சி, விழிஞ்ஞம் வழியாக வந்து சேர்ந்தார்கள். காலையில் புறப்பட்டவர்கள் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிப் படி ஏறினார்கள். அம்மாவின் புடவையில் மீன் வாடை அடித்தது. அவள் வாழ்நாளில் மீன் தொட்டதில்லை.

குழந்தை முந்தின நாள் விடியற்காலையிலேயே பிறந்துவிட்டது. பெண். மிகவும் சிறியது. பிறந்தபோது வராந்தாவில் நானும் பெரியம்மாவும் இருந்தோம். உள்ளே அக்காள் தனியாக இருந்தாள். அவள் அம்மாவைக் கூப்பிட்டது வராந்தா வரை கேட்டது. அதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

அம்மா கட்டிலின் பக்கத்தில் நின்று குழந்தையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்:

"ஏன் மக்களே, பிளேன்ல எறங்கின அன்னைக்கே நீ வந்திருக்கப்பிடாதா?"

எங்களுக்கு எதுவும் புரியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார்.

"நீதானே அம்மா வரவேண்டாம்ன?" என்றாள் அக்காள்.

"நான் ஆயிரம் செல்லுவேன். நான் செல்லுததெல்லாம் கேக்கணுமா? உனக்க வீடில்லியா அது? கதவ அடைச்சிருவேனா?"

அக்காள் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ செல்லி நான் எப்பமாவது கேக்காம இருந்திருக்கேனா அம்மா?" என்றாள். அது குற்றம் சொல்கிற குரல் அல்ல. உண்மையாகவே யோசித்துப் பார்த்துக் கேட்டது போல இருந்தது. அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா என்னிடம் ஒரு விஷயம் சொன்னார்.

"வியாழக்கிழமைச் சூலம் உச்சி சாஞ்சா இல்லடே. பஞ்சாங்கத்திலயே போட்டிருக்கு. அன்னைக்கு நீங்க எறங்கும்போ நேரம் கழிஞ்சாச்சு."

"உங்களுக்கு அப்பமே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் செல்லல்ல?"

அவர் செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "பிளேன் காரியத்தில நான் ஜெயிச்சேன்லா. ஒண்ணிலயாவது அவ செல்லு நடக்கட்டுன்னு விட்டேன். ஒரு ராத்திரிதானேன்னு நெனச்சேன்."

அம்மாவிடம் அவர் அதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அம்மாவின் எந்தப் பேச்சுக்கும் அவர் எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதில்லை. அட்லஸ் பரணுக்குப் போய்விட்டது.

குழந்தையின் எடை போதாது, தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டக் கூடாது, எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியத்தைக் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு நர்ஸிடமும் கேட்டாள். ஒவ்வொருவரும் வேண்டாம் என்றார்கள். செய்தி கிடைத்து அத்தானும் அவருடைய தாயாரும் விமானத்தில் வந்தார்கள். அந்த அம்மாள் பத்திரிகைகளில் வந்ததையெல்லாம் படித்திருந்தார். அவற்றில் சில நான் எழுதியவை. துப்பாக்கிச் சூடு நடக்கிற ஊருக்கு இந்தப் பச்சைப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அவர் கேட்டபோது, அதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் சரி என்றதும் மெட்ராஸுக்குக் கொண்டுபோவதாக முடிவாயிற்று.

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு வீட்டுக்குக் கொண்டு போயிட்டு, நானே கொண்டு விடுதேன்," என்றாள் அம்மா. சம்பந்தியம்மாளிடம் அவள் கைகூப்பியதை நான் பார்த்தேன்.

அந்த அம்மாள் மரியாதையாக, "அடுத்த பிரசவத்துக்கு நீங்களே வச்சுக்கோங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்," என்றார்.

விமான மைதானத்தில் அம்மா முதல் தடவையாக விமானத்தைப் பார்த்தாள். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. குழந்தையை வாங்கிக்கொள்ள அத்தான் கையை நீட்டியபோது, கொடுத்துவிட்டாள். அக்காள் படியேறும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பாறசாலைக்குக் காரில் போன பெட்டியை அப்பா கடத்துத் தோணியில் வரும்போது கொண்டுவர முடியவில்லை. பிற்பாடு ரயிலில் அனுப்பினோம்.

மாநிலங்களைப் பிரித்தபோது தெற்கே நான்கு தாலுகாக்கள் மெட்ராஸுக்குப் போயின. எங்கள் தாலுகா போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து தெற்கே நடந்தே போய்விடலாம், களியக்காவிளையில் எல்லை. கட்டுச்சோறும் விமானமும் பேசியவர்கள் வேறு காரியங்களுக்குப் போய்விட்டார்கள். ரோடுகள் ஒழுங்காகத் திறந்திருந்தன.

அக்காள் மறுபடி உண்டானபோது அம்மா ஐந்தாம் மாதமே எழுதச் சொன்னாள். எந்தக் கிழமையானாலும் சரி, எதில் வந்தாலும் சரி என்று எழுதச் சொன்னாள். அத்தானின் பதில் அன்பாகவே இருந்தது. முதல் பிரசவம் முன்கூட்டியே ஆனதால் இந்தத் தடவை அலையக்கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். அம்மா இங்கே வந்து இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். தாய் வீட்டுக்கு மகள் போகிற இடத்தில், மகள் வீட்டுக்குத் தாய் போனாள். நான்தான் ரயிலில் கூட்டிப்போனேன்.

மெட்ராஸ் வீட்டில் அம்மாவை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். முன்கூடத்தில் பிரம்பு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சமையலறைப் பக்கம் போனால், நீங்கள் ஏன் கஷ்டப்படுகிறீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் பிறந்தான், நல்ல எடையோடு. குளிப்பாட்டுவதற்கு வாடிக்கையாக ஓர் ஆயா வந்தாள். மூத்த பெண் குழந்தை அம்மாவைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அக்காள் அறைக்குள்ளிருந்து, "ஊர்ப் பாட்டியாக்கும் பிள்ள, போ" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அது போகவில்லை. அம்மா நாற்காலியில் நேராக உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயிலில் திரும்பினோம். விடிந்து, தென்காசிக்குப் பக்கத்தில் மலை தெரிந்தபோது நான் காப்பி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.

"நல்ல வீடு," என்றாள். "மனுசாளும் நல்லவங்க. அவ கொடுத்து வெச்சவ."

"ஆமா."

"ரெண்டு பிள்ள பெத்தாச்சு," என்று காலி டம்ளரை என்னிடம் நீட்டினாள். "எனக்க கையால ஒரு செம்பு வெந்நீரு அதுகளுக்கு ஊத்தல்லியே மக்கா."

டம்ளரைக் காப்பிக்காரனிடம் கொடுத்தேன். ரயில் புறப்பட்டது.